கல்லுப்பட்டிக் குடிலும் நம் வீட்டு அடுக்களையும்

மதுரையிலிருந்து இராசபாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், திருமங்கலத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் இருக்கிறது. சோழபுரம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதி மக்களுக்கு அது பழகிய பெயர். மதுரைக்கு மருத்துவம் பார்க்கவும் சரக்கு வாங்கவும் போகிறவர்கள் அதனைக் கடந்துதான் போக வேண்டும். ஆயினும், அவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஒரு கிறிஸ்தவரைப் பற்றி நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே. அவர் பெயர் ஜே. சி. குமரப்பா. பொருளாதார நூல்களில் அவர் பெயர் ஓரிரு வரிகளில் வந்து போகும். காந்தியடிகளின் பொருளாதார அறிஞர் என்று அறிமுகப்படுத்திவிட்டு, அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள்.

'சுற்றுச்சூழல்' என்ற சொல் தமிழ் ஏடுகளில் பரவலாகப் புழங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அரிசி தீட்டுவதும் அடுப்பு மூட்டுவதும் விளக்கேற்றுவதும் குப்பை கொட்டுவதும் கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குவதும் அறத்தைச் சார்ந்த செயல்கள் என்று எழுதியவர் அவர். அறம் என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. அவை ஆண்டவர் இயேசுவைப் பின்பற்றுவதோடு தொடர்புடையவை என்றும் எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டபோது, திருச்சபை புதிதாக ஒன்றைச் சொல்லத் தொடங்கிவிட்டது என்று வியந்தோர் நம்மிடையே உண்டு. நம் வாசற்படிக்கு அருகிலேயே ஏறத்தாழ எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் அது வாழ்ந்தும் எழுதியும் காட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணும்போது, நம் மறதியைத்தான் வியக்க வேண்டியிருக்கிறது.

குமரப்பா 1892 சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். கத்தோலிக்கக் குடும்பமன்று, சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த குடும்பம். தந்தை பொதுப்பணித் துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் ராஜநாயகம் பக்தியும் கண்டிப்பும் மிக்கவர். மகன் இலண்டன் சென்று கணக்காய்வாளராகத் தேர்ந்து, பம்பாயில் தொழில் நடத்தினார். உடை, உணவு, பேச்சு அனைத்திலும் ஆங்கிலேயக் கனவானைப் போலவே இருந்தார். 1927இல் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். அங்கே ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் ஏழ்மையில் கிடக்கிறது என்பது பற்றி உரையாற்ற நேர்ந்தது. அச்செய்தி நாளேட்டில் வெளிவந்தது. அதனைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இந்தியாவின் அரசு நிதி நிர்வாகத்தையே ஆராயுமாறு பணித்தார். ஆராயப் புகுந்தவருக்கு, தம் நாட்டு ஏழைகளின் வறுமை இயற்கையாக வந்ததன்று என்பது கணக்குப் புத்தகத்தின் வழியே புலப்பட்டது. அவரை மாற்றியது மேடைப்பேச்சு அன்று. வரவு செலவுக் கணக்கு. கணக்கர்களை நாம் வறண்டவர்கள் என்று எண்ணுகிறோம். மத்தேயுவும் சுங்கச்சாவடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்தான்.

அந்த ஆய்வை எடுத்துக்கொண்டு 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் காணச் சென்றார். மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் இராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குறித்த நேரத்திற்குச் சில நிமிடங்கள் இருந்தமையால், கைத்தடியை ஊன்றியபடி குமரப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்முதியவரே காந்தியடிகள் என்று தெரிந்ததும், மேனாட்டு உடையோடு அப்படியே சாணத்தரையில் அமர்ந்தார். அவருடைய ஆய்வு 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் சிற்றூர்களை வீடு வீடாக ஆய்வு செய்யும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்து, முன்னோர் பெயரான குமரப்பா என்பதை ஏற்றதும் இக்காலத்தில்தான்.

உப்புச் சத்தியாக்கிரக நாட்களில், கிறிஸ்தவத் திருப்பணியாளர்கள் விடுதலைப் போராட்டத்தை ஒதுங்கி நின்று பார்ப்பது தகுமா என்று வினவி அவர் எழுதினார். ஆங்கிலிக்கன் சபையின் இந்தியத் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட்டுடன் அது குறித்துக் கடித வாதம் நடந்தது. மலைப்பொழிவை ஞாயிறு வழிபாட்டிற்கு மட்டும் உரியதாக ஒதுக்கிவிட முடியாது என்பது குமரப்பாவின் கட்சி. அக்காலத்துத் திருச்சபையினர் பலருக்கு அவர் சங்கடமான மனிதராகவே தோன்றியிருப்பார். நம் கத்தோலிக்க மேய்ப்பர்களும் அன்று பெரும்பாலும் ஐரோப்பியரே என்பதை நினைவில் கொண்டால், அச்சங்கடம் எவருக்கு எவ்வளவு என்று ஊகிக்கலாம்.

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதனை உருவாக்கி நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்ட வீட்டிற்கு, மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயரிட்டு, அங்கே பணி தொடங்கினார்கள். நாம் 'ஆராய்ச்சி நிலையம்' என்றால் கண்ணாடிக் குழாய்களை நினைப்போம். மகன்வாடியில் ஆராயப்பட்டவை உரலும் செக்கும் அடுப்பும் விளக்கும் கழிவறையும் காகிதமும் தேன்கூடும். வீட்டுப் பழக்கங்களுக்கென்று நம் நாட்டில் அமைந்த முதல் ஆய்வுக்கூடங்களுள் அதனையும் ஒன்றாகச் சொல்லலாம்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதைக் கண்டு, பெரிபெரி என்னும் நோயின் மூலத்தை நோக்கி வழிகாட்டினார். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவியல் உலகம் கண்டறிந்த இவ்வுண்மையைக் குமரப்பாவும் அவர் தோழர்களும் அடுக்களைக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குத்தல் அரிசி உடலுக்கு நல்லது. ஊரில் நாலு பேருக்கு வேலை தருவது. நெல்லை ஆலைக்கும் அரிசியை மறுபடி ஊருக்கும் சுமந்து செல்லும் செலவும் இல்லை. ஒரு கவளச் சோற்றில் இத்தனை கணக்கு இருக்கிறது என்று காட்டியதே அவருடைய தனித்திறம்.

வெல்லமும் அப்படியே. கரும்பு, நல்ல நிலத்தையும் மிகுந்த நீரையும் கேட்கும் பயிர். பனையோ தரிசிலும் மணலிலும் எவர் தயவும் இன்றி நிற்கும். கருப்பட்டிக்குப் பனை இருக்கும்போது, நெல்லும் தானியமும் விளையக்கூடிய நிலத்தைச் சர்க்கரைக்கு ஏன் விட வேண்டும் என்று அவர் கேட்டார். கரிசலும் செம்மண்ணும் கலந்த நம் பகுதியாருக்கு இக்கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதநீர், நுங்கு, கருப்பட்டி, கிழங்கு, ஓலைப்பெட்டி, பாய், விசிறி, கூரை என்று ஒரு மரம் ஒரு வீட்டையே தாங்கிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். குருத்தோலை ஞாயிறன்று நம் கையில் இருப்பதும் அதன் பிள்ளைதான். அன்று மந்திரித்த ஓலையை வீட்டில் காத்து வைத்து, மறு ஆண்டு கோவிலில் கொடுத்து, எரித்துச் சாம்பலாக்கித் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்கிறோம். ஒன்றையும் வீணாக்காத இவ்வழக்கம் நம் வழிபாட்டிலேயே இருக்கிறது. நாம்தான் அதனைச் சிக்கனம் என்று கருதிப் பார்த்ததில்லை.

புகை வெளியே போவதற்குக் குழாய் வைத்த 'மகன் சூலா' என்னும் அடுப்பும், மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கும் அங்கே உருவாயின. மண்ணெண்ணெய் தொலைநாட்டில் பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படுவது. எடுக்க எடுக்கக் குறைவது. அதனை எடுத்து வரும் வழிநெடுகப் பீரங்கிக் கப்பல்கள் காவல் நிற்க வேண்டும். நம்மூர்ச் செக்கில் ஆடிய எண்ணெயோ அடுத்த பருவத்தில் மறுபடியும் விளையும். மனிதக் கழிவையும் சாணத்தையும் இலைதழையையும் மக்க வைத்து எருவாக்கும் முறைகளையும் அவர்கள் பரப்பினார்கள். கழிவு என்று ஒன்று இயற்கையில் கிடையாது, இடம் மாறிக் கிடக்கும் உரமே உண்டு என்னும் கருத்து இப்பணிகளின் அடியில் ஓடுகிறது.

'வெள்ளையனே வெளியேறு' இயக்கக் காலத்தில் அவர் ஜபல்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே எழுதிய இரு நூல்கள் 1945இல் வெளிவந்தன. ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று 'நிலைத்த பொருளாதாரம்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய நூல். இரண்டிற்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதினார். அவரைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்றும் பாராட்டினார். ஒரே சிறையில், ஒரே கையால் எழுதப்பட்ட இவ்விரண்டையும் தனித்தனி நூல்களாகப் பார்ப்பது தவறு என்பது என் எண்ணம். நற்செய்தியைப் பற்றிய நூலில் வீட்டுக் கணக்கு இருக்கிறது. பொருளாதார நூலில் நற்செய்தி இருக்கிறது.

நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி அவர் கூறுவதைச் சுருங்கச் சொல்லலாம். இயற்கையில் உயிர்கள் தம் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழிகளை அவர் ஐந்தாகப் பகுத்தார். மற்றோர் உயிரைக் கொன்று தின்னும் புலியின் வழி முதலாவது. அதனை ஒட்டுண்ணி வாழ்வு என்றார். தான் நடாத மாந்தோப்பில் புகுந்து பழத்தைப் பறித்துத் தின்னும் குரங்கின் வழி அடுத்தது, அது கொள்ளை. தன் உழைப்பால் கூடு கட்டிக்கொள்ளும் பறவையுடையது முயற்சி. தனக்கென்றில்லாமல் கூட்டத்திற்கென்று தேன் சேர்க்கும் தேனீயினுடையது திரள் வாழ்வு. குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவையினுடையது தொண்டு. இந்த ஐந்தாவதே மிக உயர்ந்தது, அதுவே நிலைத்திருப்பது. பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் பழமையான புகழுரை, பெரிய மெழுகுதிரியைக் குறித்துச் சொல்லும்போது தேனீக்களின் உழைப்பை நினைவுகூர்கிறது. குமரப்பாவின் தேனீயைப் படித்தபின் அந்தப் பாடலைக் கேட்டால் அதன் பொருள் சற்று விரிகிறது. இன்று நம் பீடங்களில் எரியும் திரிகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரபின் மெழுகால் ஆனவை என்பது வேறு செய்தி.

அவர் இன்னொரு பாகுபாடும் செய்தார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் போன்றவை குதிரில் உள்ள நெல்லைப் போன்றவை. அள்ள அள்ளக் குறையும். குறையக் குறைய அதற்காகச் சண்டை வரும். ஆற்று நீர், காட்டு மரம், ஆண்டுதோறும் விளையும் பயிர் ஆகியவை ஓடையைப் போன்றவை. அளவறிந்து எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். முதலாவதின் மேல் கட்டும் வாழ்வு வன்முறையில் முடியும் என்று அவர் எழுதியது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில். எண்ணெய்க்காக நடந்த போர்களை அதன் பின்னர் நாம் எத்தனை பார்த்துவிட்டோம்!

வாழ்க்கைத் தரத்தை 'உயர்ந்தது', 'தாழ்ந்தது' என்று பிரிப்பதையும் அவர் ஏற்கவில்லை. 'சிக்கலானது', 'எளியது' என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். இச்சிறு சொல் மாற்றத்தில் பெரும் விடுதலை இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் குடிக்கிறவர் தரத்தில் தாழ்ந்தவர் அல்லர், எளிய முறையில் குடிக்கிறவர் என்று நினைக்கத் தொடங்கினால், நம் திருமண வீடுகளில் நடக்கும் பல கூத்துகள் நின்றுபோகும்.

ஆனால் இவை அனைத்திலும் என்னை மிகவும் உறுத்துவது, பொருள் வாங்குபவனின் பொறுப்பைப் பற்றி அவர் சொன்னதுதான். ஒரு டப்பா கோக்கோ வாங்குகிறோம். ஆப்பிரிக்காவில் அதனைப் பயிரிட்டவருக்கு என்ன கூலி கிடைத்தது, அந்நிலம் எவரிடமிருந்து எப்படிப் பெறப்பட்டது, அதனை ஏற்றி வந்த கடல்வழியை எந்தக் கடற்படை எத்தகைய வலிமையால் காத்தது என்ற கேள்விகள் அனைத்தும் அந்த டப்பாவுக்குள் இருக்கின்றன என்றார் அவர். திருட்டுப் பொருளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறவன் திருட்டில் பங்கு கொள்கிறான். அவ்வாறே அநீதியில் விளைந்த பொருளை வாங்குகிறவன் அநீதியில் பங்கு கொள்கிறான். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்யும் நாம், பொய் சொன்னோமா, கோபப்பட்டோமா என்று ஆராய்கிறோம். மளிகைச் சீட்டை எடுத்து வைத்து ஆன்ம சோதனை செய்தவர் எத்தனை பேர்? குமரப்பாவின் வாதத்தின்படி, தொலைவிலிருந்து வரும் பொருளின் வரலாற்றை நாம் அறிய இயலாது. ஆகவே, அறியக்கூடிய தொலைவில் விளைவதையும் செய்வதையும் வாங்குவதே மனச்சான்றுக்குப் பாதுகாப்பு. உள்ளூர்ப் பொருள் என்பது அவருக்கு ஊர்ப் பற்று மட்டும் அன்று, ஆன்ம நலன்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். சென்ற தலைமுறையில் இராசபாளையத்துச் சுற்றூர் வீடு ஒன்றில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? அரிசி களைந்த தண்ணீர் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், மாடு குடிக்கும். பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும். குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலைக்குப் பழையது. குதிரில் நெல் கொட்டினால் இடையிடையே வேப்பிலை. சாணமும் கூளமும் குப்பைக் குழிக்கு. குழி நிறைந்தால் மாட்டுவண்டியில் வயலுக்கு. கோடையில் கண்மாய் வற்றினால், கரம்பை மண்ணை வெட்டி வண்டி வண்டியாகக் கொண்டுபோய் நிலத்தில் கொட்டுவார்கள். நிலத்துக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். கடைக்குப் போகும்போது எண்ணெய்க்குப் போத்தலும், பருப்புக்குப் பையும் கையோடு போகும். இறைச்சிக்குத் தேக்கிலையோ பனையோலையோ வாழையிலையோ. எவரும் இதைச் 'சூழல் நேயம்' என்று சொல்லவில்லை. வீட்டு நிர்வாகம் என்றார்கள். அல்லது ஒன்றுமே சொல்லவில்லை.

அக்காலத்தைப் பொற்காலமாக எழுதிவிடுவது எளிது. அந்த உரலில் நெல் குத்தியவர்கள் பெண்கள். அந்த அடுப்புப் புகையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து இருமியவர்களும் அவர்களே. விறகுக்காக மலையடிவாரம் வரை நடந்து, தலைச்சுமையோடு திரும்பியவர்களும் அவர்களே. கழிவை எருவாக்கலாம் என்பது நல்ல கருத்து. ஆனால் கழிவை அள்ளும் வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டிவிட்டு மற்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. குமரப்பா திருமணம் செய்துகொள்ளாதவர். அடுக்களையைப் பற்றித் திருமணமாகாத ஆண்மகன் எழுதிய அறிவுரை என்று நம் இல்லத்தரசியர் சற்று ஐயத்தோடு கேட்டால் அது நியாயமே. ஆயினும் அவர் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும்: புகையில்லா அடுப்பு மகன்வாடியில் செய்யப்பட்டதே அந்தப் பெண்களின் கண்ணீரைக் கண்டுதான். பழைய பழக்கத்தை அப்படியே போற்றவில்லை, அதனைத் திருத்தினார்கள். 2016இல் தொடங்கிய இந்திய அரசின் உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் எரிவாயு அடுப்பு சென்றது. எரிவாயு, குமரப்பாவின் கணக்கில் குதிர் நெல்தான். ஆனாலும் இதில் நான் இல்லத்தரசியர் பக்கமே நிற்பேன். சிக்கனத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்காத சிக்கனம், தொண்டு வகையைச் சேர்ந்ததன்று. கொள்ளை வகையைச் சேர்ந்தது.

பீகாரில் 1934ஆம் ஆண்டு நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தின்போது, துயர்துடைப்பு நிதியின் கணக்கைக் குமரப்பா பார்த்தார். தொண்டர்களின் உணவுச் செலவுக்கு அவர் கடுமையான வரம்பு வைத்திருந்தார். காந்தியடிகள் தம் குழுவினரோடு அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். வீட்டுச் சிக்கனம் பற்றிப் பேசுகிறவருக்குப் பொதுப்பணத்திலும் அதே கண் இருந்தது என்பதற்காக இதனைக் குறிப்பிடுகிறேன்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். ஆனால் நாடு அணைகளையும் ஆலைகளையும் நோக்கி நடந்தது. அவருடைய குரல் ஒலித்த மேடைகள் குறைந்தன. இரத்த அழுத்த நோயும் சேர்ந்துகொண்டது. வார்தாவை விட்டுக் கல்லுப்பட்டிக்கு வந்தார். 1940இல் கோ. வேங்கடாசலபதி தொடங்கிய அந்த ஆசிரமம் அவருக்கு இறுதிப் புகலிடமாயிற்று. காந்தியடிகள் இறந்த அதே சனவரி 30ஆம் நாளில், 1960ஆம் ஆண்டு, குமரப்பா காலமானார்.

அவர் கருத்துகள் அத்தோடு மறைந்துவிடவில்லை. மேனாட்டைச் சுற்றிக்கொண்டு நம் திருச்சபைக்குள்ளேயே வந்தன. சூமாக்கர் என்னும் பொருளாதார அறிஞர் செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். அந்நாட்டு நிலக்கரி வாரியத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். 1971இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1973இல் அவர் வெளியிட்ட 'சிறியதே அழகு' என்னும் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. உழைப்பின் இயல்பைப் பற்றிக் கூறும் இடத்தில் அந்நூல் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறது. நிலக்கரியின் கணக்கை நன்கறிந்த ஒருவருக்கே குதிர் நெல்லின் அருமை புரிந்தது. அதே நூலில் திருத்தந்தையரின் சமூகச் சுற்றுமடலுக்கும் இடம் உண்டு. கல்லுப்பட்டியும் உரோமையும் ஒரே நூலின் பக்கங்களில் சந்தித்தன என்று சொன்னால் மிகையாகாது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியை முழுவதுமாகப் படைப்பின் பாதுகாப்பைப் பற்றியே எழுதினார். எளிமையும் அளவறிதலும் அன்றாட வாழ்வின் பகுதியாக வேண்டும் என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், 211ஆம் எண்ணில், இன்னும் இறங்கி வந்து வீட்டுக்குள்ளேயே நுழைகிறார். நெகிழியைத் தவிர்ப்பது, தண்ணீரைக் குறைத்துச் செலவிடுவது, குப்பையைத் தரம் பிரிப்பது, உண்ணும் அளவே சமைப்பது, பேருந்தில் செல்வது, மரம் நடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகியவற்றை அங்கே குறிப்பிடுகிறார். உலகத் திருச்சபையின் தலைவர் இவ்வளவு சிறிய செய்திகளைப் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தனர். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பின், மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கிக் கூடைகளில் நிரப்பச் சொன்ன ஆண்டவரை அவர்கள் மறந்திருக்க வேண்டும். பெருக்கிக் கொடுக்கும் வல்லமை உள்ளவரே வீணாக்க மறுத்தார்.

தமிழக அரசு 2019 சனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகையைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. பருத்தி விளையும் கரிசலும், நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையமும், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் சூழ்ந்த நாட்டில், பெட்ரோலியத்தில் செய்த பையைத் தூக்கித் திரிந்தோம் என்பதே நகைப்புக்குரியது. தடை வந்த பின்னரும் நெகிழிப்பை முழுதும் ஒழியவில்லை என்பதைக் கண்மாய்க் கரையோரம் நடப்பவர் அறிவர். காரணம் சட்டத்தில் மட்டும் இல்லை. கடைக்காரர் பை தருவார் என்று கை வீசிக்கொண்டு போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. துணிப்பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருமண வீடுகளில் கொடுத்த பைகள் அலமாரியில் முப்பது, நாற்பது முடங்கிக் கிடந்தால், அது சூழல் காப்பு ஆகாது. பருத்திக்கும் நீர் வேண்டும், நெய்கிறவருக்கும் உழைப்பு உண்டு. ஒரு பையை நைந்து கிழியும் வரை பயன்படுத்துவதில்தான் கணக்கு நேராகிறது.

தண்ணீரைப் பற்றி நம் பகுதியார் சற்றுக் கூடுதலாகவே கருத வேண்டும். இங்குள்ள ஓடைகளும் கண்மாய்களும் மேற்கு மலைத்தொடரின் காட்டை நம்பி இருக்கின்றன. 1988இல் அக்காடு சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021இல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. அணிலையும் புலியையும் காப்பது அவற்றுக்காக மட்டும் என்று நினைக்கிறோம். காடு நின்றால்தான் ஓடை ஓடும். ஓடை ஓடினால்தான் நம் வீட்டுக் குடம் நிறையும். 2003இல் வீடுதோறும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிகளின் இன்றைய நிலையை, அடுத்த மழைக்கு முன் மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. பல தொட்டிகளில் மண் அடைத்து, மேலே துளசிச் செடி வைத்திருக்கிறோம்.

பங்கு விழாக்களையும் சொல்லாமல் விட முடியாது. கொடியேற்றம் முதல் தேர்ப்பவனி வரை பத்து நாள் நடக்கும் விழாவுக்குப் பின், கோவில் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தால் தாள் தட்டும் தண்ணீர்ப் பொட்டலமும் வண்ணப் பதாகையும் குவிந்திருக்கும். புனிதர் தேரில் போகிறார். பின்னாலேயே குப்பையும் போகிறது. இதற்கு மாற்றாக எஃகுத் தட்டும் குவளையும் ஒரு முறை வாங்கிப் பங்கில் வைத்துவிட்டால், விழாவுக்கும் திருமணத்திற்கும் அன்பியக் கூட்டத்திற்கும் பயன்படும். சில ஆண்டுகளில் போட்ட பணமும் திரும்பிவிடும். கணக்கராகிய குமரப்பா இதனை உடனே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருப்பார். கையெழுத்திடும் முன், அத்தட்டுகளைக் கழுவப் போவது யார் என்றும் கேட்டிருப்பார். பங்குப் பேரவையில் அந்தத் தீர்மானம் வரும் நாளில், தட்டு வாங்கும் தீர்மானத்தோடு கழுவுகிறவர் பட்டியலையும் சேர்த்தே எழுதிவிடுவது நலம். பட்டியலில் முதல் பெயர்கள் ஆண்களுடையனவாக இருக்கட்டும்.